கூடப் பாடும் குரல்



மார்கழி பிறந்துவிட்டால் எடமலைப்பட்டி புதூரில், எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்கு எட்டுப் பேர் கூடிவிடுவோம். ஓர் ஆர்மோனியம், இரண்டு ஜோடி ஜால்ரா. முறையாகப் பாட்டுப் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் பாடிக்கொண்டு நாலு தெரு சுற்றுவோம். தொன்னையில் வெண்பொங்கல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம்.

“இன்னிக்கு பஜனையில என்ன விசேஷம்?” என்று வீட்டில் கேட்பார்கள். “ஒண்ணுமில்ல, பாடினோம்” என்பேன். வருஷக்கணக்காக இதே பதில்தான். கச்சேரி கேட்டு வந்தால் ஆலாபனையைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். நேற்றைய மெட்டிலேயே இன்றும் பாடிவிட்டு வருகிறவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதும் பேனா ஓடவில்லை.

ஆண்டாளின் திருப்பாவையையே எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 30 பாசுரங்கள். அதில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை, பத்துப் பாசுரங்களும் தூங்குகிற தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புவதற்கே. மூன்றில் ஒரு பங்கு! கண்ணனைப் பார்க்கத் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர். அரங்கனை எழுப்ப அவர் பாடிய திருப்பள்ளியெழுச்சியின் பத்துப் பாசுரங்கள், காவிரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவையும் எழுப்புகின்றன.

எங்கள் கோஷ்டியில் ஒரு பாட்டி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது, முப்பதும் மனப்பாடம். அவர் குரல் தனியாகக் கேட்காது. போன மார்கழியில் காய்ச்சலென்று மூன்று நாள் வரவில்லை. முதல் நாளே, ஒரு நீண்ட அடியின் நடுவில் ஏழு பேரும் ஒன்றாக மூச்சு வாங்கினோம். பாட்டு அறுந்தது. ஜால்ரா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் நாங்கள் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் அந்தப் பாட்டிதான் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலாம் நாள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். “நான் சும்மா கூடத்தானேப்பா பாடறேன்” என்றார்.

வருகிற மார்கழியில் உங்கள் தெருவில் ஜால்ரா சத்தம் கேட்டால் போர்வையை விலக்கிவிட்டு வாருங்கள். புத்தகம் தருவார்கள். 27ஆம் நாள் கூடாரவல்லி. அன்று அக்காரவடிசலும் உண்டு.