அடுக்கறிதல்

பாறைப் பிளவுகளில் ஊடுருவும் கொதிநீர் பழைய கனிமங்களைக் கரைத்துப் புதியனவற்றைப் படியவைக்கிறது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் கிடைக்கும் ரெக்டரைட் அவ்வாறு பிறந்த களிமண் கனிமம். 1891இல் அதனை விவரித்த பிராக்கெட்டும் வில்லியம்சும் கயோலினைட் குடும்பத்தில் சேர்த்தனர். வேதிப் பகுப்பு அதன் சேர்மானத்தைக் கூறிற்று, அடுக்கமைப்பைக் கூறவில்லை.

அவ்வமைப்பை எக்ஸ் கதிர் காட்டியது. விரியாத மைக்கா அடுக்கும், நீரேற்று விரியும் ஸ்மெக்டைட் அடுக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருப்பதை 1950இல் பிராட்லி விளக்கினார். மைக்காவுக்குப் பத்து, ஸ்மெக்டைட்டுக்குப் பதினைந்து. ஆக ஏறத்தாழ 25 ஆங்ஸ்ட்ராம். எத்திலீன் கிளைக்கால் ஊட்டினால் அது 27 ஆகும். சுட்டால், நீர் நீங்கி 20 அளவுக்குச் சுருங்கும். இரு கனிமங்களின் வெறுங்கலவையாயின் அவற்றின் அளவுகள் தனித்தனியே தோன்றும், கூட்டுத்தொகை தோன்றாது. ஒழுங்கான அடுக்குக்கு அத்தொகையே சான்று.

அதே 1950இல் பிரான்சின் அலெவார்டு பகுதிக் கனிமம் ஒன்று அலெவார்டைட் எனப் பெயர்பெற்றது. 1963இல் பிரவுனும் வெயரும் இரண்டும் ஒன்றே என நிறுவினர். மூத்த பெயரே நிலைத்தது.

எழுத்துகளை எண்ணியவர் சொல்லை அறிந்தவராகார். எழுத்துகள் நிற்கும் முறையிலன்றோ சொல் பிறக்கிறது! களிமண்ணுக்கும் அதுவே இலக்கணம்.