கதை ஒன்று, உலகம் பல
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேவூர் வாலீசுவரர் திருக்கோயில், வாலி வழிபட்ட தலமாகப் போற்றப்படுவது. வான்மீகத்து வாலியோ கிட்கிந்தையின் அரசன். இராமனின் அம்புக்கு இலக்கானவன். அவன் கொங்கு நாட்டில் சிவலிங்கத்தை வழிபட்ட செய்தி அந்நூலில் இல்லை. ஆயினும் இரண்டில் ஒன்று பிழை என்று கருதி இவ்வூர் மக்கள் கோயில் வாயிலை மறந்தாரில்லை. ஒரு கதைமாந்தன் வெவ்வேறு கதையுலகங்களில் வெவ்வேறு வாழ்வு வாழக்கூடும் என்னும் தெளிவு இம்மண்ணில் வேரூன்றியது.

இதே பொருள் குறித்து மேலைநாட்டுச் சூப்பர் ஹீரோ கதைகளின் ரசிகர்கள் இன்று ஓயாது வாதிடுகின்றனர். 1961இல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் வெளியிட்ட படக்கதை இதழொன்றில், ஃப்ளாஷ் என்னும் ஒரே பெயருடைய வீரர் இருவர், வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள், சந்தித்தனர். அதன்பின் கதையுலகங்கள் பெருகின. இவ்விதழில் நிகழ்ந்தது அவ்விதழோடு பொருந்துமா, இறந்தவன் எவ்வாறு மீண்டான், எது மூலம், எது கிளை என்னும் வினாக்களும் உடன் பெருகின. புதிய வாசகர் குழம்புவர் என்று கருதிய பதிப்பகத்தார், 1985-86இல் வெளியான பன்னிரண்டு இதழ்த் தொடரொன்றின் வாயிலாகப் பல உலகங்களையும் அழித்து ஒன்றாக்கினர். அவ்வொற்றை உலகம் நிலைக்கவில்லை. 2007இல் ஐம்பத்திரண்டு உலகங்களோடு பன்மை மீண்டும் தலைதூக்கியது. கதையின் உரிமை முழுவதும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தும் கதையை ஒரே வடிவில் கட்டிவைக்க இயலவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இராமகாதை இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தது. அறிஞர் ஏ. கே. இராமானுசன் 'முந்நூறு இராமாயணங்கள்' பற்றிய தம் கட்டுரையில் ஒரு வாய்மொழிக் கதையை எடுத்துரைக்கிறார். இராமனின் கணையாழி நிலத்தில் விழுந்து துளையிட்டு மறைகிறது. அதைத் தேடிப் பாதாளம் சென்ற அனுமன் முன், ஆயிரக்கணக்கான கணையாழிகள் நிறைந்த தட்டொன்று நீட்டப்படுகிறது. அனைத்தும் இராமனுடையவை, கணையாழிகள் எத்தனையோ இராமர்களும் அத்தனையர். அத்யாத்ம ராமாயணத்துச் சீதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள். காட்டுக்கு வரவேண்டா என்று இராமன் தடுத்தபோது, சீதையின்றி இராமன் காடு சென்றதாக எந்த இராமாயணத்தில் உள்ளது என்று வினவுகிறாள். தன் கதையின் பிற வடிவங்களைச் சான்று காட்டி ஒரு கதைமாந்தரே வழக்காடும் திறம் வியக்கத்தக்கது. 2023இல் வெளியான ஸ்பைடர்மேன் அசைவூட்டப் படமொன்றில், எல்லா உலகங்களிலும் நிகழ்ந்தே தீரவேண்டும் எனப்படும் இழப்பை ஏற்க மறுத்து இளைஞன் ஒருவன் ஓடுகிறான். சீதை மரபைத் தன் துணையாக்கினாள். அவன் மரபை எதிர்த்தான். இருவரும் வழக்காடுவது ஒரே வினாவைக் குறித்தே: கதையில் எது மாறலாம், எது மாறலாகாது?

கொங்கு நாட்டில் இவ்வினா அண்ணன்மார் கதையில் உயிரோடு நிற்கிறது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகியோரின் கதை உடுக்கையொலியோடு பல இரவுகள் பாடப்பெறுவது. பாண்டவர்களே மீண்டும் பிறந்தனர் என்பது பாடுவோர் மரபு. எவர் எவராகப் பிறந்தனர் என்பதில் பாடத்துக்குப் பாடம் வேறுபாடுண்டு. வேளாளர் போற்றும் பாடத்தில் தலையூர்க் காளி பகைவன். வேட்டுவர் மரபிலோ அவன் வீர முன்னோன். கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் வட்டாரத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். ஒரே பாடகர் கேட்போர் முன் பாடிய வடிவமும், எழுதிக்கொள்ளுமாறு சொல்லிய வடிவமும் வேறுபட்டன. அவரது ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. கதைப்பாடத்தைச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. கவிஞர் சக்திக்கனல் பதிப்பு, கலைஞர் மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' புதினம், 2011இல் வந்த திரைப்படம், பெக் அவர்களின் முயற்சியால் உருவான இருபத்தாறு பகுதி அசைவூட்டத் தொடர் என வடிவங்கள் வளர்ந்துள்ளன.

இவ்வாறாயின் எதையும் எவரும் மாற்றிவிடலாமா என்று வினவலாம். மரபு அதற்கு இடந்தரவில்லை. வீரப்பூரில் மாசி விழாக் காணும் கூட்டம், பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்வதையும் தங்கை துயருறுவதையும் எதிர்நோக்கியே வருகிறது. வீழ்ச்சி இல்லையேல் அது அண்ணன்மார் கதை ஆகாது. நடுத்தண்டு ஒன்று உண்டு. கிளைகள் பல உண்டு. எது தண்டு என்பதைக் கேட்போரின் வாதமே முடிவு செய்கிறது.

இன்று கவலைக்குரியது வேறு. இரவு ஷிப்ட் ஓடும் பனியன் ஊர்களில், பல இரவுகள் அமர்ந்து பாட்டுக் கேட்கும் ஓய்வு அரிதாகிவிட்டது. திரையிலோ அச்சிலோ முதலில் காணும் வடிவமே இளையோருக்கு ஒரே வடிவமாகிவிடுகிறது. மறுப்பதற்கு இன்னொரு பாடம் தெரியாதவருக்கு வாதமும் இல்லை. வாதம் ஓயும்போது, பகைவன் எனப்பட்டவனின் தரப்பைச் சொல்லும் பாடமே முதலில் மறையும். 2011இல் இராமானுசனின் கட்டுரை தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டதும், பன்மையைக் கண்டு அஞ்சும் மனத்தின் அடையாளமே.

இதற்கு வழிகாட்டி தொலைவில் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏடுகளில் கண்ட பிரதிபேதங்களை எறிந்துவிடாமல் அடிக்குறிப்பில் காத்தார். ஏட்டுக்கு அவர் செய்ததை உடுக்கைப் பாட்டுக்குச் செய்யவேண்டும். பாடுபவர் யார், எவ்வூர், எவரிடம் கற்றார், எந்நாள் பாடினார் என்பவற்றோடு, ஒவ்வொரு பாடமும் திருத்தப்படாமல் பதிவாக வேண்டும். பாடங்களை ஒன்றாகக் கலந்து 'சரியான' கதையொன்றை ஆக்கும் ஆசை தவிர்க்கப்பட வேண்டும். இரு தரப்பினரின் பாடங்களும் ஒரே நூலில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்குமாயின், படிப்போர் தாமே வழக்காடிக்கொள்வர்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு இப்பணியை மேற்கொள்ளுமாயின், வாலி வழிபட்ட ஊரில் நடைபெறத்தக்க பணியாகவே அது அமையும்.