வெடித்த நுனி ஒட்டாது

கண்டியில் 22 வருடங்களாகப் பெண்களுக்கு முடி வெட்டிவிடுகிறவள் நான். எண்ணெய் வைப்பதும் பின்னுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. இன்றைக்கு நுனி வெடிப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என்னைப் பேச வைத்தது சீரம் போத்தல்கள்.

வாரத்துக்கு ஒருவராவது கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டி, "அக்கா, இது வெடிச்ச நுனிய ஒட்ட வைக்குமாமே?" என்று கேட்கிறார். ஒட்டாது. அதிலுள்ள சிலிக்கோன் பிளவின் மேல் படிந்து, தலை முழுகும்வரை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். முடிக்கு உயிர் வேரில் மட்டுமே. மாதம் ஏறத்தாழ 1 சென்றிமீற்றர் வளர்கிறது என்றால், 60 சென்றிமீற்றர் கூந்தலின் நுனிக்கு 5 வயது. அத்தனை வருட வெயிலும் சீப்பும் மேலே இருக்கும் செதிலைத் தேய்த்துவிட, பழங்கயிற்றின் முனைபோல உள்நார் பிரிகிறது. பிரிந்ததை வெட்டத்தான் முடியும். மறுபடியும் சொல்கிறேன், வெடித்த நுனி ஒட்டாது.

வெட்டு என்றதும் பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். நீளம் குறையாத வெட்டு ஒன்று இருக்கிறது. முறுக்கி வெட்டுவது. எனக்கு அதைக் காட்டித் தந்தது ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அப்பாயி. கூடைக் கயிறு நாள் முழுக்க உச்சியில் உராய்ந்து முடி உடைந்து உடைந்து போகும். ஞாயிற்றுக்கிழமை பீலியில் குளித்து, வெயிலில் தலை காய்ந்த பிறகு, லயத்து வாசலில் அம்மாவை உட்கார வைத்து, கத்தரியோடு பின்னால் உட்கார்ந்துவிடுவார்.

முறுக்கி வெட்ட, முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. விரல் தடிப்புக்கு ஒரு கற்றை எடுத்துக் கயிறாக முறுக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீழிருந்து மேலாக லேசாகத் தடவுங்கள். சின்னச் சின்ன முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டிக் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். பிளவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். பிளவிலேயே வெட்டினால் அது மேலே ஏறும். கற்றையை எதிர்ப்பக்கம் முறுக்கி இன்னொரு தடவை பாருங்கள். கடதாசி வெட்டும் கத்தரி வேண்டாம், அது முடியை நசுக்கி அடுத்த வெடிப்புக்கு வழி செய்யும். கூரான முடிக் கத்தரிதான் வேண்டும்.

சூடு வைத்து முடியை நேராக்கும் ரீபொண்டிங்கை நான் செய்வதில்லை, கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தொழில் பழகிய காலத்தில், கட்டுகஸ்தோட்டையில் சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணக் காலையில், ஈரம் முழுதாகக் காயாத முடியில் சூட்டு அயனை வைத்தேன். 'சிர்' என்று ஆவி வந்தது. உள்ளிருந்த தண்ணீர் கொதித்து முடிக்குள்ளேயே குமிழ் விட்டிருந்தது. ஒரு சாண் வெட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நுனி வெடிப்பு வராமல் காக்க, முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் வையுங்கள். சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் எண்ணெயையும் அதோடு ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், முடியின் புரதம் கழிந்து போவதை நன்றாகக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அது முடிக்குள் இறங்குகிற எண்ணெய். ஈரத்தலையைச் சீவாதீர்கள், சிக்கை நுனியிலிருந்து எடுங்கள். பள்ளிக்கூடப் பின்னலுக்கு வெறும் ரப்பர் வளையம் போடாதீர்கள்.

போன மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று வந்தது. இடுப்புக்குக் கீழே கூந்தல், ஒரு அங்குலம்கூடக் குறையக் கூடாது என்றது. முக்கால் மணித்தியாலம் முறுக்கி முறுக்கி வெட்டினேன். மடியில் விரித்த பத்திரிகையில் விழுந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு சிட்டிகை. எழுந்து கண்ணாடியில் பார்த்து, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, நீளத்தைக் கையால் அளந்து பார்த்தது. "எட்டு வாரத்தில வா" என்றேன்.