கொல்லிமலையில் பிறந்த வைத்தியர்



தம் பிள்ளை வைத்தியராக வேண்டும் என்ற அபிலாஷை இல்லாத பெற்றோர் இம்மண்டபத்தில் வெகு சிலரே இருக்கக்கூடும். ஆயினும் அந்த ஆசை பிள்ளையின் உள்ளத்தில் எப்படிப் பிறக்கிறது என்பதை நாம் ஆர அமர எண்ணிப் பார்ப்பதில்லை.

1914-இல், வள்ளல் ஓரி ஆண்ட கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், தகப்பனார் மலைவாசிகளின் நரம்புச் சிலந்திப் புண்ணுக்குச் சிகிச்சை செய்வதைக் கண்டு அருவருத்து, வைத்தியமே வேண்டாமென்று தீர்மானித்து, இங்கிலாந்தில் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிற்பாடு மிஷன் ஊழியத்துக்கு ஆயத்தமாகும் பயிற்சியில் சேர்ந்து, நாம் வாழும் இதே லண்டனில் ஓர் இரவு ஒரு மருத்துவமனைக்கு உதவிக்குப் போன இடத்தில், ரத்தம் இழந்து பிணம்போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண், பிறர் ரத்தம் ஏற்றப்பட்டதும் கன்னம் மெல்லச் சிவந்து, கண் திறந்து, தண்ணீர் கேட்டதைப் பார்த்தார். அந்த ஓர் இரவுதான் அவரை வைத்தியப் படிப்புக்கு அனுப்பியது; மதிப்பெண் அனுப்பவில்லை, தாய்மார்களே!

1946-இல் வேலூருக்கு வந்தவர், அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். சாதாரண ஆஸ்பத்திரிகள் படுக்கை தர மறுத்த ஜனங்கள் அங்கே இருந்தார்கள். விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பற்றி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்த கை என்று யாவரும் கைவிட்ட அந்தக் கை, பிராண்ட் வலி பொறாது துடிக்கும்படி இறுக்கிற்று! எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நோயாளிக்குத் தெரியவில்லை, ஏனெனில் உணர்ச்சி போய்விட்டது. ஆனால் வலு போகவில்லை. முன்கையில் உயிரோடிருக்கும் தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைத்தால் கை மீண்டும் திறக்கும் என்ற ஞானோதயம் அந்தப் பிடியிலிருந்தே தொடங்கியது. வேலூரில் அவ்வாறே கைகள் திறந்தன. திறந்த கைகளுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று தாம் கற்ற தச்சு வேலையையும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கையைப் பிடிக்காமல், எட்ட நின்று பார்த்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? நம் பிள்ளைகளை நாம் எட்ட நிறுத்தியே வளர்க்கிறோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கற்கும் பிள்ளைக்குத் தமிழைப் பேச ஆளில்லை. இந்நகரத்து முதியோர் இல்லங்களிலோ, ஊரை விட்டு வந்த ஆச்சிமார், ஆங்கிலம் வராமல், நோவைக்கூடச் சொல்ல வழியின்றி ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். “ஆச்சி, எங்கை நோகுது?” என்று கேட்டுப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை வைத்தியராகலாம், ஆகாமலும் போகலாம், தமிழ் அதன் வாயில் நிச்சயமாக நிற்கும்.

ஆகையால் பெற்றோர்களே, தேர்வுக்கு இடைஞ்சல் என்று தடுக்காதீர்கள். மாதத்தில் ஒரு நாளேனும் உங்கள் பிள்ளையை அந்த இல்லங்களுக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.