கால் இல்லாத பறவை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பழைய பறவை ஓவியங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அடுத்து தண்ணீர் லாரி விவகாரம் காத்திருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

கேமரா இல்லாத காலத்தில் தூர தேசத்துப் பறவையை ஓவியர் எப்படி வரைந்தார்? பெரும்பாலும் பறவையைப் பார்த்தே இருக்கமாட்டார். கப்பலில் வந்த காய்ந்த தோலைப் பார்த்துத்தான் வரைந்தார்.

1522-ல், மகெல்லன் கிளம்பிய பயணத்தை முடித்துக்கொண்டு விக்டோரியா கப்பல் ஸ்பெயின் திரும்பியபோது, அதில் சொர்க்கப் பறவையின் தோல்களும் வந்தன. நியூ கினி பக்கத்தில் இந்தத் தோல்களை இறகின் அழகுக்காகவே பதப்படுத்துவார்கள். கால்களை வெட்டிவிடுவார்கள், பல சமயம் இறக்கைகளையும். வியாபாரத்துக்குக் கால் எதற்கு?

ஐரோப்பிய ஓவியர்கள் கையில் இருந்ததை அப்படியே வரைந்தார்கள். 1555-ல் வந்த கெஸ்னரின் பறவை நூலிலும் கால் இல்லாத படம்தான். கால் இல்லை என்றால் எங்கே உட்காரும்? உட்காரவே உட்காராது, பனித்துளி குடித்து வானத்திலேயே வாழும், ஆணின் முதுகில்தான் பெண் முட்டையிடும் என்று கதை வளர்ந்தது. இத்தனைக்கும், அந்தக் கப்பலில் வந்த பிகாஃபெட்டா அந்தப் பறவைக்குக் கால் உண்டு என்றே எழுதியிருந்தார். எழுத்தைவிடப் படத்தைத்தான் ஊர் நம்பியது. (நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.)

1758-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் பாரடிசேயா அபோடா. அபோடா என்றால் காலற்றது. இன்றும் அதுதான் அறிவியல் பெயர். இரண்டு சொர்க்கப் பறவைகளை வாலஸ் உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தது 1862-ல். முதல் தோல்கள் வந்து 340 ஆண்டுகள் கழித்து!

கால் வெட்டாத தோலிலும் சிக்கல் உண்டு. இறகின் நிறம் ஓரளவு நிற்கும். கண்ணை எடுத்துப் பஞ்சு அடைத்திருப்பார்கள். அலகு, கால், முகத்தின் வெறுந்தோல் எல்லாம் காய்ந்து நிறம் மாறிவிடும். நம் பால்கனிக்கு வரும் மைனாவின் கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சளை நினைத்துப் பாருங்கள். சேகரித்தவர் சீட்டில் நிறத்தைக் குறித்து வைக்காவிட்டால், ஓவியர் ஊகித்துத்தான் தீட்டவேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். எலிசபெத் க்வில்லிம், நீதிபதி ஒருவரின் மனைவி. 1801-ல் இங்கே வந்து, உயிருள்ள பறவைகளைப் பார்த்தே வரைந்தார். 1807-ல் இங்கேயே இறந்தார். ஓவியங்கள் 1924-ல் லண்டனில் தற்செயலாகக் கிடைத்தன. நூற்றுக்கும் மேற்பட்டவை இப்போது கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். இன்றிரவே பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். முதலில் கண்ணைப் பாருங்கள், பிறகு காலை.