கணவரையும் உள்ளே கூப்பிடுங்கள்



2024 ஜூன் மாதம் இந்தக் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் மெத்தனால் என்பது ஊரறிந்த செய்தி. அது உடலுக்குள் செய்ததை, இன்று பட்டம் பெறும் மருத்துவ, செவிலியர் மாணவர்களான நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பை அழிக்கிறது. இந்த நொதி கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை. விந்தணு உருவாகத் தேவையான வடிவத்துக்கு வைட்டமின் ஏ-வை மாற்றும் வேலையும் விதையில் இதே வகை நொதிக்கு உண்டு. சாதாரண மது உள்ளே போனால் அந்த வேலை தடைபடுகிறது என்று 1974-லேயே ஆய்வு வெளிவந்துவிட்டது. நெடுநாள் குடியில் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, விதைகள் சுருங்குகின்றன, ஈரல் கெட்டவருக்கு மார்பு வளர்கிறது. அதாவது கள்ளச்சாராயம் ஒரே இரவில் கொல்கிறது, கடைச் சரக்கு ஆணின் இனப்பெருக்க உறுப்புகளை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. முதலாவதுக்கு விசாரணைக் கமிஷன் வரும். இரண்டாவதுக்கு ஓ.பி. சீட்டுகூடக் கிடையாது. இனப்பெருக்க நலம் என்று நாம் நடத்திவரும் துறையில் ஆணுடைய உடலுக்கு இடமே இல்லை, அதனால் அதிகம் அடிபடுவது பெண்தான் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

கருவுற்ற பெண்ணுக்கு உடனே பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் உண்டு. ரத்தம், சர்க்கரை, ஸ்கேன், எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை என்று வரிசையாக நடக்கும். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார். இவையெல்லாம் தமிழ்நாடு பாடுபட்டுக் கட்டியவை, குறைசொல்ல எதுவுமில்லை. கணவர் மட்டும் பிளாஸ்டிக் பையோடு வாசலில் நிற்கிறார். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. இரண்டில் எது எளிது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் அல்லது லேப்ராஸ்கோப் நுழைக்க வேண்டும். ஆணுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, விதைப்பைத் தோலில் சிறு துளையிட்டால் போதும். கத்தியில்லாத அந்த முறையைச் சீன மருத்துவர் லீ ஷுன்ச்சியாங் 1974-ல் உருவாக்கினார். எளிய வழி கைவசம் இருந்தும் கடினமான வழியையே தேர்ந்தெடுத்தோம் என்றால், அதற்கான காரணத்தை மருத்துவத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. ஆண்களின் கருத்தடைக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தில் 1950-களிலேயே இறங்கியது சென்னை மாநிலம். 1971-ல் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள். பலருக்கு அது மிரட்டல், பலருக்கு வேலை போய்விடும் என்ற பயம். 1977 தேர்தலில் வட இந்தியா பதில் சொன்னது. அரசுகள் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் கட்டாயம் கூடாது என்பது. கற்றதோ ஆண்களைத் தொடக்கூடாது என்பது. இலக்கு அப்படியே இருந்தது, ஆபரேஷன் மேசையில் படுப்பவர் மட்டும் மாறினார். இத்தனைக்கும் 1930-களிலேயே, கருத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் ‘குடி அரசு’ வழியாக வாதாடிய மண் இது. அந்த வாதம் கடைசியில் பெண் தலையில் ஏற்றப்பட்ட இன்னொரு சுமையாக முடிந்ததைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது.

குழந்தையின்மைக்கு வருவோம். இந்த ஓரவஞ்சனை இங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் உண்டு. ஆனால் ஊசி, ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை, கோயில் பரிகாரம் என்று அலைவது மனைவி. ஒரு விந்துப் பரிசோதனைக்கு ஆகும் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பிட்யூட்டரி சுரப்பி பெண்ணுக்கு ஒன்றும் ஆணுக்கு ஒன்றுமாகச் சுரப்பதில்லை. சினைப்பையை இயக்கும் அதே எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும்தான் விதையையும் இயக்குகின்றன. ஆனால் மாதவிலக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் ஹார்மோன் என்கிறோம். நாம் பேசாமல் விட்ட இடத்தில் லாட்ஜ் வைத்தியர் பேசுகிறார். சிறுவயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்று இரவு நேரத் தொலைக்காட்சியில் பயமுறுத்துகிறார். இந்தப் பயமே ஒரு மனநலப் பிரச்சினை என்று மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் அடையாளம் கண்டு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். விறைப்புக் குறைபாட்டோடு வருபவருக்கு உண்மையில் தேவை லேகியமல்ல, சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனை. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடக் குறுகலானது என்பதால் அடைப்பின் அறிகுறி அங்கே முன்கூட்டியே தெரியக்கூடும். வெட்கத்தால் அவர் லாட்ஜுக்குப் போகிறார், சில ஆண்டுகள் கழித்து மாரடைப்போடு நம்மிடம் வருகிறார். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞருக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம் என்று சொல்லவும் ஆளில்லை.

இந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இளவயதுத் திருமணமும் ரத்தசோகையும், சாலையில்லாத ஊர்களிலிருந்து பிரசவ வலியோடு இறங்கும் பெண்களும் இருக்க, ஆண்களுக்காக அழுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாராயச் சாவுக்குப் பிறகு 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலைமக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது; அடிப்படை வசதி முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிபிலிஸ் கண்ட கர்ப்பிணிக்குப் பென்சிலின் போட்டு, கணவரை அப்படியே விட்டால் நோய் அவளிடம் திரும்ப வரும். பதினேழு வயதில் தாயாகிறவளின் கருவுறுதலில் பாதி, ஓர் ஆணின் முடிவு. மூன்றாவதும் பெண் என்று அவளை அடிக்கும் வீட்டில், ஒய் குரோமோசோம் யாரிடமிருந்து வருகிறது என்பதைக் கணவரிடம் உட்காரவைத்துச் சொன்னவர் யார்? ஆணுக்குச் செய்யும் சிகிச்சை பெண்ணின் பங்கிலிருந்து பிடுங்கியது ஆகாது.

இதையெல்லாம் நம் ஊரில் பேச முடியுமா என்பது அடுத்த தடை. பேசியிருக்கிறோம். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, அந்த ரத்த மாதிரிகள் பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. பழி முழுவதும் அவர்கள்மேல் விழுந்து நின்றிருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஊரெங்கும் சுவர்களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக ஒரு கேள்வி முளைத்தது: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? சிலர் கோபப்பட்டார்கள், ராஜா என்று பெயர் வைத்தவர்கள் நொந்துகொண்டார்கள், டீக்கடையில் சிரித்தார்கள். ஆனால் கேள்வி ஆணைப் பார்த்துக் கேட்கப்பட்டிருந்தது. ஆணுறையும் பரிசோதனையும் மருந்தும் சேர்ந்துதான் தமிழ்நாட்டில் தொற்றைக் குறைத்தன, விளம்பரம் மட்டுமல்ல. இருந்தாலும் அந்தச் சுவரெழுத்தால் நம் பண்பாடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆண்களை மீண்டும் கருத்தடைக்கு அழைப்பது 1976-க்குத் திரும்புவதாகாதா என்ற பயம் எனக்கே உண்டு. முகாம், இலக்கு, தலைக்கு இவ்வளவு என்று போனால் நிச்சயம் அங்கேதான் போய்ச் சேரும். அதனால் முகாமை விட்டுவிடுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை பார்க்க வீட்டுக்குப் போகும்போதே ஆணிடம் தனியாக இரண்டு கேள்வி கேட்கலாம். வாசெக்டமியால் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, சுகம் குறையாது, காயம் ஆறியபின் மூட்டை தூக்கலாம் என்று சொல்லுங்கள். முடிவு அவருடையது, வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். செய்துகொண்டவருக்கோ இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குழாயில் தங்கிய விந்தணு தீர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனைக்கு வர வேண்டும். பலர் வரமாட்டார்கள். பிறகு மனைவி கருவுற்றால் ஊர் அவளைத்தான் சந்தேகப்படும். அந்த மூன்றாம் மாதத் தேதியை உங்கள் பதிவேட்டில் குறித்துவைத்து, அவருக்குப் போன் செய்யுங்கள்.