செட்டு என்றொரு சொல்



‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் இதற்கென்ன இடம் என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முதற்பதிப்பு 1928இல் நிறைவுற்றபோது அதன் மிக நீண்ட பதிவு இச்சொல்லுக்கே உரியதாயிருந்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள்கள். பின்னர் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு முந்திவிட்டதாக 2011இல் செய்தி வந்தது. ஞாயிறு மறைவதும், சிமெண்டு இறுகுவதும், மோதிரத்தில் கல் பதிப்பதும், வினாத்தாள் அமைப்பதும், எலிக்குப் பொறி வைப்பதும் ஆங்கிலேயருக்கு ஒரே சொல். நமக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை உண்டு. இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. சளி பிடிக்கிறது, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று நாம் பேசுவதைக் கேட்டால் ஆங்கிலேயனும் மலைத்துத்தான் போவான்.

அச்சொல் நம் வெள்ளகோவில் பக்கம் வந்து என்ன ஆயிற்று என்பதே என் அக்கறை. கிணற்று மேட்டுக்குப் பம்புசெட்டாக வந்தது. மோட்டாரும் பம்பும் சேர்ந்த இணை என்பது அதன் பொருள். ஆனால் ‘பம்புசெட்டில் குளித்தோம்’ என்று சிறுவர்கள் சொல்லும்போது அது இயந்திரமன்று. தொட்டியும் வாய்க்காலும் தென்னை நிழலும் சேர்ந்த ஓர் இடம். நோம்பியில் மைக்செட்டு வந்தது. பாட்டிக்குப் பல்செட்டு வந்தது. ‘அவர் எங்கள் செட்டு’ என்றால் உடன் படித்தவர். ‘செட்டு சேர்ந்து சுற்றுகிறான்’ என்றால் தந்தையின் சினம். பெண் பார்த்துத் திரும்பியவர்கள் ‘செட் ஆகவில்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்தப் பொருள் இங்கே விளைந்தது.

தறி செட்டு என்கிறோமே, அதுவும் இதே சொல் என்றுதான் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அன்று, அது கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’. இரண்டு ஆங்கிலச் சொற்கள் நம் நாவில் ஒன்றாகிவிட்டன. இவ்விரண்டும் வருமுன்பே இங்கே ஒரு செட்டு இருந்தது. ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்கிறோமே, அந்தச் செட்டு சிக்கனம், தமிழ்ச்சொல். ஆக, ஒரே பெயரில் மூவர் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.

இவர்களைப் பிரித்தறிய நமக்குச் சிரமமே இல்லை. பல பொருள் ஒருசொல், தன்னோடு வரும் வினையால் வேறுபட்டு விளங்கும் என்று தொல்காப்பியம் கூறுகிறது. உரையாசிரியர்கள் ‘மா’ என்பதைக் காட்டுவர். பூத்தால் மரம், ஓடினால் குதிரை. அவ்வாறே, செட்டு சேர்ந்தால் நண்பர், செட்டுக்குப் போனால் வேலை. வடசொல்லும் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தினால் செய்யுளுக்கு உரியது என்றும் அந்நூலே கூறுகிறது. ‘ஷெட்’ தன் முதலெழுத்தை விட்டது. ஈற்றில் உகரம் ஏற்றது. கட்டு, பட்டு, மொட்டு போல வன்றொடர்க் குற்றியலுகரமாய் நின்றது. இதற்கு மேல் அது என்ன செய்ய வேண்டும்?

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். நம் வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் ஒரு கவிதை படித்தார். இரவு வேலையில் மின்சாரம் நின்ற கணத்தில், மூலையில் சேலைத் தொட்டிலில் உறங்கும் மகளின் மூச்சொலி தமக்கு முதன்முதலாகக் கேட்டது என்பது அதன் செய்தி. ‘தறி செட்டு’ என்று எழுதியிருந்தார். கொச்சை, அத்துடன் ஆங்கிலம். ‘நெசவுக்கூடம்’ என்று மாற்றுக என்றவன் நான். அவையும் தலையசைத்தது. அவர் மறுத்துப் பேசவில்லை; அங்கேயே பேனாவை வாங்கித் திருத்தி மீண்டும் படித்தார். நெசவுக்கூடத்தில் தறியின் இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லாத இடத்தில் அது நின்றதும் கேட்கவில்லை. அடுத்த திங்கள் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் எட்டாண்டுகளைக் கழித்தேன்.

கண்ட ஆங்கிலச் சொல்லையெல்லாம் கவிதையில் அள்ளிக் கொட்டலாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. ‘பேருந்து’ நிலைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பம்புசெட்டு வந்ததும் கவலை இறைப்பு போயிற்று. சால், தும்பி, வடம், வால்கயிறு என்று ஒரு சொற்கூட்டமே உடன் போயிற்று. அவை கிணற்று மேட்டில் வாழ்ந்தபோது, அவற்றையும் கொச்சை என்றே நம்மவர் செய்யுளுக்கு வெளியே நிறுத்தினர். 2000இல் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி வந்தபோது, என் பாட்டனார் அன்றாடம் வழங்கிய சொற்களை நான் அகராதியில் தேடுபவனாகியிருந்தேன்.

அந்த இளைஞரின் கவிதை, திருத்திய வடிவில் நம் கையெழுத்துப் படிகளில் இருக்கிறது. மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இம்மலரில் அதை வெளியிட அவரிடம் ஒப்புதல் கேளுங்கள். அவர் இசைந்தால், ‘நெசவுக்கூடம்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தறி செட்டு’ என்றே அச்சிடுங்கள். அவர் வீட்டுக்கு உங்களுடன் நானும் வருகிறேன்.